குழாய் வாயில் ஓர் அளவு, ஆற்றில் ஓர் அளவு: எண்ணூர் நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கரையிலிருந்து கடலுக்குள் செல்லும் அமோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்காகக் கப்பலிலிருந்து திரவ அமோனியாவைக் கொண்டுவரும் குழாய் அது. சரக்கை இறக்குவதற்கு முன்பாகக் குழாயைக் குளிர்விக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது அழுத்தம் இறங்கியது. கண்ணை எரிக்கும் நெடி ஊருக்குள் பரவியது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், பர்மா நகர் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, கிடைத்த வண்டியில் ஏறி வெளியேறினர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பின்னர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு அளவுகளை வெளியிட்டது. ஆலை வாயிலருகே காற்றில் இருந்த அமோனியா ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம்; வரம்பு 400. கசிவு நிகழ்ந்த பகுதியின் கடல்நீரில் இருந்தது லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

செய்திகள் இந்த எண்களை ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. ஆனால், அனுமதி பெற்று இயங்கும் ஆலைகளின் சூழல் விளைவுகளை நாம் எப்படிக் கண்காணிக்கிறோம் என்பதை அறிய, ஒப்பிடுவதற்காக வைக்கப்பட்ட அந்த 400, 5 ஆகிய இரண்டு வரம்புகளையே முதலில் பார்க்கவேண்டும். 400 என்பது 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் அமோனியாவுக்கு உரிய 24 மணிநேரச் சராசரி. அதாவது ஒரு நாள் முழுவதும் காற்றை உறிஞ்சி, கிடைத்ததை அந்த நாளின் 1,440 நிமிடங்களுக்கும் பகிர்ந்தளித்துச் சொல்லும் எண். காற்றில் 20 நிமிடம் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்து, எஞ்சிய நேரம் முழுவதும் காற்று தூய்மையாக இருந்ததாக வைத்துக்கொண்டால், நாள் சராசரி ஏறத்தாழ 29 மைக்ரோகிராம்தான் வரும். நான்கு மணிநேரம் அதே செறிவு நீடித்தாலும் சராசரி 350ஐத் தொடாது. ஓர் ஊரே வீட்டைப் பூட்டக்கூட நேரமின்றி ஓடிய இரவு, சட்டப்படியான காற்றுத் தரப் பதிவேட்டில் வரம்புக்குள் இருந்த நாளாகவே பதிவாகியிருக்க முடியும்.

5 என்ற எண்ணின் நிலை இதைவிட விசித்திரமானது. அது கடல்நீரில் இருக்கத்தக்க அளவே இல்லை. கடலில் விடப்படும் கழிவுநீரில், குழாய் வாயில், தனி அமோனியா இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த வெளியேற்ற வரம்பு அது. கழிவுநீர் கடலில் கலந்து நீர்த்துப்போகும் என்ற எண்ணத்தில் நிர்ணயிக்கப்பட்ட அளவை, மீனும் இறாலும் வாழும் நீரோடு ஒப்பிட்டுத்தான் பத்து மடங்கு என்று கணக்கிட்டோம். சற்றே காரத்தன்மை கொண்ட கடல்நீரில் அமோனியாவின் ஒரு பகுதி அயனியாகாமல் நின்று, செவுள் வழியே நேராக உடலுக்குள் புகும். இளம் மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமே தாங்க முடியாதது. வாரியத்தின் அலுவலர்கள் இதை அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த எண் அதுதான் என்பதால் அதைப் பயன்படுத்தினார்கள். எண்ணூரில் மீண்டும் மீண்டும் நிகழ்வதும் இதுவே. அனுமதிக் கடிதம் எந்த இடத்தைக் குறிக்கிறதோ அந்த இடத்தில் அளவெடுக்கப்படுகிறது. விளைவு வேறு ஓர் இடத்தில் நிகழ்கிறது.

இடமும் அனுமதிகளும்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும், அதன் வடக்கே பழவேற்காடு வரை பக்கிங்காம் கால்வாயோடு பின்னிக் கிடக்கும் உப்பங்கழியும், அலையாத்திச் செடிகளும், உப்பளங்களும் சேர்ந்ததே எண்ணூர்க் கழிமுகம். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் பாடு முறைப்படி முறைவைத்து இந்த ஆற்றில் வலை கட்டி வந்தவர்கள். இருளர் குடும்பங்கள் இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். அந்த ஆற்றின் இரு கரைகளிலும் வடசென்னை அனல்மின் நிலையம், மணலி பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்), நிலக்கரி முற்றங்கள், எரிவாயு முனையம் என்று வரிசையாக வந்தன. 1970இல் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால் அதன் பின்னும் கரையில் மின் உற்பத்திக்கான கட்டுமானம் நிற்கவில்லை.

இவற்றில் எதுவும் திருட்டுத்தனமாக இயங்கியதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றும் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழும் 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழும் வாரியத்தின் இசைவாணை பெறவேண்டியது. பெரியவை 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும், கரையைத் தொடுபவை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் பெறவேண்டியவை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தரவேண்டும். அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை ஆகிய மூன்றும் அதிக மாசு உண்டாக்கும் 17 தொழில் வகைகளுக்குள் வருவதால், 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறப்பித்த ஆணைப்படி புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தவேண்டியவை. காகிதத்தில் இது அடர்த்தியான வலைதான்.

அந்த வலையின் கண்கள் எங்கே பெரிதாக இருக்கின்றன என்பதை மணலியின் எண்களே காட்டுகின்றன. மத்திய வாரியம் காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டில் 70ஐத் தாண்டினால் அந்தத் தொழிற்பகுதி கடுமையாக மாசடைந்தது என்று பொருள். 2009இல் மணலி பெற்றது 76.32, 2018இல் பெற்றது 84.15. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில்தான் தொடர் கண்காணிப்புக் கருவிகள் வந்தன. தனித்தனி ஆலைகளின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஊரின் மொத்தக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சாம்பல்

எண்ணூரின் மிக நீண்ட வழக்கு சாம்பலுடையது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் சாம்பல் இருக்கும் என்பதால், நிலையம் மின்சாரத்தோடு சேர்த்து ஒரு மலையையும் நாள்தோறும் உற்பத்தி செய்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் அந்தச் சாம்பல் தண்ணீரோடு கலக்கப்பட்டு, கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செல்லும் நீண்ட குழாய்களின் வழியாகச் செப்பாக்கம் அருகிலுள்ள சாம்பல் குளத்துக்கு இறைக்கப்பட்டது. சாம்பல் குளத்திலிருந்து வழியும் நீருக்கு விதிப்படியான வரம்பு உண்டு: மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. வழியும் இடத்தில் மாதிரி எடுத்து, வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் பழைய குழாய்கள் குளத்தை அடைவதற்கு முன்பே வழியில் பல இடங்களில் உடைந்து ஒழுகின. ஒழுகியது அந்த வரம்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு செறிவான சாம்பல் குழம்பு. குழாயின் நடுப்பகுதி எந்த இசைவாணையிலும் வெளியேற்ற இடமாகக் குறிக்கப்படாதது. ஆகவே அங்கே மாதிரி எடுக்கும் கடமையும் எவருக்கும் இல்லை. அங்கிருந்து எதுவும் வெளியேறாது என்ற அனுமானமே கண்காணிப்பின் இடத்தில் நின்றது.

ஆற்றின் அடி மேடானது. முன்பு படகு போன இடத்தில் பின்னர் நடக்க முடிந்தது. மீனவர்கள் இதற்கு ஆய்வுக்கூடம் தேடவில்லை. துடுப்பு எவ்வளவு ஆழத்தில் தரை தட்டுகிறது என்பதே அவர்களின் அளவுகோல். அவர்கள் தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அதிகாரி சாந்த ஷீலா நாயர் தலைமையில் வல்லுநர் குழுவை அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, 2022 ஜூலையில் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. குழாய்களை மாற்றுவதும் ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றுவதும் ஆணையின் பொருளாயின. இந்தத் தீர்ப்பின் ஆதாரம் எந்தக் கருவியின் தொடர் பதிவிலிருந்தும் வந்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். புகார், நேரடி ஆய்வு, படிவை எடுத்துச் சோதித்தல் ஆகிய பழைய வழிகளில்தான் அது திரட்டப்பட்டது.

சாம்பலின் பாதிப்பு சாம்பலோடு நிற்பதில்லை. கடல்நீரைப் பயன்படுத்தும் அனல்மின் நிலையம் வெளியேற்றும் வெந்நீரால், அதை ஏற்கும் நீரின் வெப்பம் 7 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரக்கூடாது என்பது விதி. குழாய் வாயோடு நில்லாமல் ஏற்கும் நீரையும் கணக்கில் எடுக்கும் அரிய விதிகளில் இதுவும் ஒன்று என்பதால் இதை மதிக்கிறேன். ஆனாலும் ஏற்கும் நீர் எவ்வளவு இருக்கிறது என்பது அதே நிலையத்தின் சாம்பலால் மாறிக்கொண்டிருக்கும்போது, அதே வெந்நீர் மேடான ஆற்றில் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும். சாம்பலுக்கு ஒரு நிபந்தனையும் வெந்நீருக்கு ஒரு நிபந்தனையும் தனித்தனி எண்களாக இருக்கும் கடிதத்தில், இரண்டும் சேர்ந்து இறாலுக்கு என்ன செய்யும் என்று கேட்பதற்கு இடமில்லை.

மழை வந்த வழி

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. கொசஸ்தலையில் வெள்ளம் பெருகிய நாள்களில், மணலிப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்து சுவரில் கோடு போட்டது. வலைகள் பயனற்றுப்போயின, படகுகள் கறுத்தன, எண்ணெய் படிந்த கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் அலையாத்திகளில் உட்கார்ந்திருந்தன. இந்தியக் கடலோரக் காவல்படை வானிலிருந்து பார்த்து, எண்ணெய் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதாகக் கணித்தது. மணலியில் இயங்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் தன் குழாய்களில் கசிவு ஏதுமில்லை என்றது. வாரியமோ, ஆலை வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்றும், வளாகத்தில் தேங்கியிருந்த எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறியது என்றும் முடிவுக்கு வந்தது.

இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. குழாய் உடையாமலே ஓர் ஆலை ஆற்றை எண்ணெயால் மூட முடியும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயில் பொருத்திய கருவி, அதன் வழியாகச் செல்லும் நீரைத்தான் அறியும். ஆண்டுக்கணக்கில் தரையிலும் வடிகாலிலும் சிந்திச் சேர்ந்த எண்ணெய், ஒரே நாள் மழையில் மதிலைத் தாண்டிப் போகும்போது அந்தக் கருவிக்கு அது தெரியாது. கருவி அந்த நாளிலும் வரம்புக்குள் என்றே காட்டக்கூடும்.

இங்கே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிய திட்டத்துக்கான தொடக்கநிலைத் தரவை, திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தில், பருவமழை அல்லாத ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்பதே பொதுவான ஆய்வு வரம்பு. எண்ணூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையே ஆற்றின் ஆண்டை வகுக்கிறது. மீன் உள்ளே வருவதும் உப்பு குறைவதும் முகத்துவாரம் அகலத் திறப்பதும் அப்போதுதான். ஆற்றின் முக்கியமான மூன்று மாதங்களை விட்டுவிட்டு ஆற்றை அளந்தால், அந்த மூன்று மாதங்களில் நேரக்கூடியது ஆவணத்தில் எதிர்பாராத நிகழ்வாகவே தோன்றும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு புதிய திட்டமும் தான் வரும் நாளில் ஆறு இருக்கும் நிலையையே தொடக்கநிலையாகக் கொள்வதால், முந்தைய ஆலை கெடுத்தது அடுத்த ஆலைக்கு இயல்புநிலை ஆகிவிடுகிறது.

எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்களே. 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பின், அதே ஊரில் மீண்டும் வாளிதான்.

பதிவேட்டில் இல்லாத சிப்பி

சாம்பலும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவதாக வந்தது உயிருள்ளது. கருத்த நிறச் சிறு சிப்பி ஒன்று ஆற்றின் அடியில் பாய்போல் படர்வதை மீனவர்கள் கண்டு, அதற்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களின் வெப்பக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, சேற்றின் மேல் நெருக்கமாக ஒட்டிப் படர்வதால் இறால் சேற்றுக்குள் புதைய முடிவதில்லை. மஞ்சள் மட்டிக்கும் இடமில்லை. கையால் துழாவிப் பிழைப்பவரின் விரலும் காலும் கிழிகின்றன. சரக்கு இல்லாத கப்பல்கள் நிலைநிற்பதற்காக வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து, துறைமுகத்தில் வெளியேற்றும் கடல்நீரோடு இது வந்திருக்கவேண்டும் என்பதே பரவலான கருத்து. இதுவும் தீர்ப்பாயத்தின் முன் வந்தது.

துறைமுகங்களின் அனுமதி நிபந்தனைகளில் கடலடி உயிர்களைக் கணக்கெடுப்பதும் வழக்கமாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு எத்தனை இனங்கள், எத்தனை உயிர்கள், பன்மைக் குறியீடு எவ்வளவு என்ற அட்டவணையாகவே அறிக்கையில் வந்து நிற்கும். புதிதாக ஓர் இனம் நுழைந்தால் அந்தக் குறியீடு முதலில் ஏறத்தான் செய்யும். மாறாக, ஆற்றடி முழுவதும் அந்நியன் பரவிவிட்டதைக் கண்டு சொன்னது அதில் கைவைத்துப் பிழைப்பவர்கள். அவர்கள் சொன்னதைப் பதிந்துகொள்ள அரையாண்டு அறிக்கையின் படிவத்தில் ஒரு பத்தியும் கிடையாது.

வேறு வகையில் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். 1995க்கும் 2000க்கும் இடையே டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலமும் சுரங்கமும் கட்டப்பட்டபோது, கடலடியைத் தோண்டுவதற்கான அனுமதியிலேயே, தோண்டிய மண்ணில் சராசரியாக 5 விழுக்காட்டுக்கு மேல் நீரில் கலந்து பரவக்கூடாது என்று எழுதினார்கள். அத்தோடு நிற்காமல், அக்கம்பக்கத்துக் கடற்புல் வெளிகளையும் சிப்பிப் படுகைகளையும் தொடர்ந்து பார்த்து, அங்கே தெரியும் மாற்றத்தைக் கொண்டு தோண்டும் வேகத்தையும் இடத்தையும் திருத்தினார்கள். மண்ணின் அளவோடு புல்லின் நிலையும் ஒப்பந்தக்காரரின் வேலைத்திட்டத்தைத் தீர்மானித்தது. பணக்கார நாடுகளின் ஒற்றைத் திட்டத்தை பல ஆலைகள் நெருங்கி நிற்கும் எண்ணூரோடு ஒப்பிடுவது முழுப் பொருத்தமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கும் நீரில் எடுத்த அளவு, ஆலையின் இயக்கத்தை நிறுத்தவும் குறைக்கவும் சட்ட வலிமை பெற்றிருந்தது என்ற ஒரு கூறு மட்டும் எங்கும் பெயர்த்து நடக்கூடியது.

கசிவுக்குப் பின்

அமோனியாக் கசிவை ஆராய்ந்த தொழில்நுட்பக் குழு, மிக்ஜாம் புயலின் அலைகளால் குழாயைப் பாதுகாக்கப் போட்டிருந்த பெரும் பாறைகள் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. புயல் டிசம்பர் தொடக்கத்தில்; கசிவு 26ஆம் தேதி. இடையில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கடந்திருந்தன. புயலுக்குப் பின் கடலடிக் குழாயைப் பார்த்துச் சான்று பெற்றபின்பே அடுத்த சரக்கை இறக்கவேண்டும் என்ற ஒற்றை வரி இயக்க நிபந்தனைகளில் இருந்து, அது நடைமுறையிலும் இருந்திருந்தால், அந்த மூன்று வாரங்கள் போதுமானவை. வரம்பு மீறலைக் கண்டுபிடிப்பதைவிட முன்கூட்டியே நிறுத்திவைப்பது எவ்வளவு மலிவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எண்ணூரில் இல்லை.

குழு, பழைய கடலடிக் குழாயை நீக்கிக் கசிவு கண்டறியும் வசதியுள்ள புதிய குழாயை அமைக்கவும், கரைக்கும் ஆலைக்கும் இடையே அமோனியா உணரிகளைப் பொருத்தவும், குழாய் சாலையைக் கடக்கும் இடத்தில் நீர்த்திரை அமைக்கவும் பரிந்துரைத்தது. சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் கணக்கிடப்பட்டது. ஊர் மக்கள் பல நாள்கள் ஆலை வாயிலில் அமர்ந்து போராடினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, உரிய துறைகளின் தடையின்மைச் சான்றுகளைப் பெற்றபின்பே ஆலை இயங்கலாம் என்றது. 2024இல் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

உணரிகள் வரவேற்கத்தக்கவை, நிமிடக்கணக்கில் அளப்பவை என்பதால் 24 மணிநேரச் சராசரியின் குறையை அவை ஓரளவு தீர்க்கும். ஆனால் அவற்றின் அளவு ஆலையின் கட்டுப்பாட்டு அறையிலும் வாரியத்தின் கிண்டி அலுவலகத்திலும் மட்டும் தெரிந்தால், பெரியகுப்பத்துக்கு முதலில் எட்டுவது முன்போலவே நெடியாகத்தான் இருக்கும். 2023 டிசம்பர் 26 நிகழ்வைப் பற்றிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைக்கு விதிப்படி அடுத்து வந்த நாள் 2024 ஜூன் 1.